முதலில் எழுதுகிற ஆளைப் பிடியுங்கள்

வணக்கம் அண்ணை,

அம்மாவோடு இருந்து 'பராசக்தி' மறுபடியும் பார்த்தேன். அதில் நீதிபதி அண்ணனாக வருகிற எஸ்.வி.சகஸ்ரநாமம் பிறகு சொந்தமாக நாடகக் குழு நடத்தியவர் என்று நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. சினிமாவில் நல்ல இடத்தில் இருந்தவர் ஏன் அந்தச் செலவைத் தலையில் போட்டுக்கொண்டார்? நாங்களும் ஏழெட்டுப் பேர் நாடகம் போட நிற்கிறோம். மேடை, லைட், உடுப்பு எல்லாவற்றுக்கும் காசு சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகன்

அன்பான தம்பி,

சகஸ்ரநாமத்துக்கு மேடைதான் தாய்வீடு. 1913இல் கோவைப் பக்கம் சிங்காநல்லூரில் பிறந்து, சிறு வயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். சினிமா அப்புறம்தான். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் என்.எஸ்.கிருஷ்ணன் சிறைக்குப் போனபோது அவருடைய நாடக சபாவைத் தாங்கி நடத்தியவரும் இவரே. முதலாளி உள்ளே இருக்கிறார், நடிகர் வீடுகளில் உலை கொதிக்க வேண்டும். தயாரிப்பு என்றால் என்னவென்று அங்கேதான் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஐம்பதுகளில் அவர் சொந்தமாக நடத்திய நாடகக் குழுதான் சேவா ஸ்டேஜ். நான் அவரைக் கும்பிடுவது அங்கே செய்த ஒரு காரியத்துக்காக: கதை எழுதுகிறவர்களை நாடகம் எழுத வைத்தார். 'மணிக்கொடி' பத்திரிகைக்காரரான பி.எஸ்.ராமையா 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' கொடுத்தார். தி.ஜானகிராமன் 'நாலு வேலி நிலம்' எழுதினார். கு.அழகிரிசாமி 'கவிச்சக்கரவர்த்தி'. பாரதியின் பாஞ்சாலி சபதமும் மேடை ஏறியது. முத்துராமன் அந்த மேடையில் நின்றவர், கோமல் சுவாமிநாதன் அங்கே வளர்ந்தவர். சிறுகதைக்காரருக்கு மேடைக் கணக்கு லேசில் பிடிபடாது. ராணி உள்ளே போய்ச் சேலை மாற்றி வரும்வரை வெளியே யார் பேசிக்கொண்டிருப்பது? மேடையிலேயே வளர்ந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் இதெல்லாம் எழுத்தில் வரும்.

சினிமாவை அவர் விடவும் இல்லை. 'போலீஸ்காரன் மகள்' 1962இல் ஸ்ரீதர் இயக்கத்தில் படமானபோது அந்தப் போலீஸ்காரராக நடித்தது அவர்தான். ஏன் செலவை இழுத்துப் போட்டார் என்று கேட்டீர்கள். சினிமாவில் கூப்பிட்டுக் கொடுத்த வேடத்தைச் செய்யலாம். எந்தக் கதை சனத்துக்கு முன்னால் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற இடம் அவருக்கு மேடையில்தான் கிடைத்தது. நான் விளங்கிக்கொண்டது இதுதான்.

எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கோவலன் கூத்துப் பழக்கியவர். 2009 போரில் மத்தளம், உடுப்புப் பெட்டி, கொட்டகைத் தகரம் எல்லாம் போய்விட்டன. கூத்துக் கொப்பியை மட்டும் சொப்பிங் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார். மீள்குடியேறிய பிறகு ஒருநாள் அதை எனக்குப் பிரித்துக் காட்டினார். தண்ணீர் பட்டு நீல மை ஊறி, கண்ணகி வழக்குரைக்கிற பக்கங்கள் வாசிக்க முடியாமல் கிடந்தன. அவர் பாடப் பாடப் பேத்தி புதுக் கொப்பியில் எழுதினாள். ஒரு அடி வராமல் நின்றுவிட்டால் கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவார், அடி வந்துவிடும். அடுத்த வருசம் தறப்பாள் கூரைக்குக் கீழே, இரவல் மத்தளத்தோடு அந்தக் கூத்து விடிய விடிய நடந்தது. நான் கடைசிவரை இருந்தேன்.

அதனால் காசுக்கு நிற்க வேண்டாம். உங்கள் ஏழெட்டுப் பேரில் எழுதக்கூடியவர் யார் என்று பாருங்கள். இல்லாவிட்டால், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கதை எழுதுகிற ஒரு ரீச்சராவது இருப்பார். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். முதல் காட்சி எழுதி முடிந்ததும் அறிவியுங்கள். வாசிகசாலை முற்றத்தில் சுற்றி இருந்து வாசிப்போம். நான் பரந்தனில் பஸ் ஏறி வருகிறேன்.