இரட்டையர் என்றால் இளப்பமா?

கேள்வி: 2024 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டியில் ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் இரட்டையர் பட்டம் வென்றதைப் பெரிதாகப் பேசுகிறீர்கள். 10 புள்ளியில் முடியும் கடைசி செட் லாட்டரிதானே? ஒற்றையரில் எடுபடாதவர்கள் ஒதுங்கும் இடம்தானே இரட்டையர்? (வாசகர், திருச்சி)

பதில்: ஸ்கோரை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஜெர்மன் ஜோடிக்கு எதிரான அந்த இறுதியாட்டத்தின் கணக்கு 4-6, 7-6, 10-7. முதலிரண்டு செட்களில் 23 கேம்கள். மூன்றாவதற்குப் பதிலாக வெறும் 17 புள்ளிகள். இப்படிக் கத்தரித்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்லர், ஏடிபி. ஒற்றையர் ஆட்டம் தள்ளிப்போகக் கூடாது, டிவிக்காரர்களுக்கு நேரம் தெரிய வேண்டும் என்ற கவலை. இரட்டையர் ஆட்டத்தைச் சுருக்கும் திட்டம் வந்தபோது, 2005-இல் அமெரிக்க ஜோடியான பிரையன் சகோதரர்கள் உள்ளிட்ட ஆட்டக்காரர்கள் நீதிமன்றத்துக்கே போனார்கள்.

40-40 ஆனால் ஒற்றையரில் இரண்டு புள்ளி முந்த வேண்டும்; இங்கே ஒரே புள்ளி, அதோடு கேம் முடிந்தது. சர்வீஸை எந்தப் பக்கம் வாங்குவது என்பது எதிர் ஜோடியின் விருப்பம். வலையருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவார்; குறுக்கே பாயப் போகிறாரா, நின்ற இடத்திலேயே நிற்கப் போகிறாரா என்பது சர்வீஸ் போடும் கூட்டாளிக்கு மட்டும் தெரியும். அந்த ஒரு பந்தில் தடுமாறினால் மீட்க அடுத்த பந்து கிடையாது. இதெல்லாம் லாட்டரி என்றால், அதே பிரையன் சகோதரர்கள் ஜோடியாக 119 பட்டங்களை எப்படிக் குவித்தார்கள்? 119 முறை ஒரே வீட்டில் விழும் லாட்டரி எங்கே விற்கிறது என்று சொல்லுங்கள், நானும் வாங்குகிறேன்.

ஒதுங்கும் இடம் என்பதற்கு வருவோம். ஜான் மெக்கன்ரோ, ஸ்டீபன் எட்பர்க் இருவரும் ஒற்றையரிலும் இரட்டையரிலும் உலகின் முதலிடத்தில் இருந்தவர்கள். எங்கிருந்து எங்கே ஒதுங்கினார்கள்? இன்றைய ஒற்றையர் நட்சத்திரங்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை என்பது உண்மை. வந்தால் சில சமயம் ஜெயித்தும் விடுகிறார்கள். 2022 ஆஸ்திரேலிய ஓப்பனில் வைல்டு கார்டில் (போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதி) நுழைந்த கிர்கியோஸ், கோக்கினாகிஸ் ஜோடி கோப்பையையே தட்டிக்கொண்டு போனது. உங்கள் கட்சிக்கு அது ஒரு சாட்சி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அன்று தோற்ற எப்டன், பர்செல் ஜோடி அதே வருடம் விம்பிள்டனை வென்றது. எப்டன் 2024-இல் 43 வயது ரோகன் போபண்ணாவோடு சேர்ந்து அதே ஆஸ்திரேலிய ஓப்பனையும் வென்றார். தொழில் தெரிந்தவர்கள் திரும்பி வருவார்கள்.

ஜீவனுக்கு ஹாங்சோ இரண்டாவது ஏடிபி பட்டம். முதலாவது 2017-இல், சென்னை ஓப்பனில், நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில், போபண்ணாவோடு. இறுதியாட்டத்தில் எதிரே நின்ற பூரவ் ராஜா, திவிஜ் சரண் இருவரும் இந்தியர்கள்தான். மறு வருடமே அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு இந்தப் பகுதிக்கு ஒரு தபால் அட்டைகூட வரவில்லை.