காலி மனையில் சேரும் தெருக்குப்பையை நிரந்தரமாக ஒழிக்க வழி உண்டா? மூன்று முறை அள்ளியும் பத்தே நாளில் திரும்ப வருகிறது. எப்போது தொடங்குவது?

உங்கள் தெருமுனை எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சுற்றுச்சுவர் இல்லாத காலி மனை, ஓரத்தில் ஒரு மின்கம்பம், அதில் விளக்கு எரிவதில்லை, பக்கத்தில் இரண்டு மூன்று மாடி வாடகை வீடுகள், ஒரு டிபன் கடை. நகராட்சியில் புகார் கொடுத்தீர்கள், அள்ளினார்கள், திரும்ப வந்தது. "நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று இங்கே பலர் பதில் எழுதுவார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்களுக்கு அந்தக் குப்பை மேடுதான் குப்பை வண்டி. அவர்களுக்கு வேறு வழி செய்து தராமல் மேட்டை மட்டும் அள்ளினால் எத்தனை முறை அள்ளினாலும் பத்து நாள்தான் தாங்கும்.

எனவே முதல் வாரம் எதையும் அள்ளாதீர்கள். பாருங்கள், எழுதுங்கள். காலை 5.30 முதல் 8 வரை, இரவு 8.30 முதல் 11 வரை, இந்த இரண்டு வேளைதான் முக்கியம். யார் என்பதைவிட எப்போது, என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன கேரி பேக்கில் காய்கறித் தோலும் டீத்தூளும் என்றால் அது காலையில் வண்டியைத் தவறவிடும் வீடு. பெரிய கறுப்புக் கவரில் வாழை இலையும் சாம்பார் வாளி கழுவிய கசடும் என்றால் இரவு அடைக்கும் கடை. இறகும் குடலும் என்றால் கறிக்கடை. இளநீர்க் கூடு, வெட்டிப் போட்ட மரக்கிளை, பழைய தலையணை, டயப்பர், உடைந்த சாமி படம், ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள், தனிக் காரணம். முக்கியமாக அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மேடுகளுக்கு அடியில் ஒரு லோடு ரப்பீஸ், அதாவது கட்டட இடிபாடு கிடக்கும். யாரோ வீட்டை இடித்துக் கட்டும்போது இரவோடு இரவாகத் தட்டிவிட்டுப் போன செங்கலும் டைல்ஸ் துண்டும்தான் எல்லாவற்றுக்கும் முதல் பிள்ளையார் சுழி. அது கிடக்கும்வரை அந்த இடம் "குப்பை போடும் இடம்" என்றே எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அடுத்து நேரம். வண்டி 9 மணிக்கு வருகிறது, வேலைக்குப் போகிறவர்கள் 8 மணிக்கே கதவைப் பூட்டுகிறார்கள் என்றால் கோளாறு நேரத்தில். வார்டு மேஸ்திரியிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ போய், "சார், குப்பை எடுக்க மாட்டேங்கிறாங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "எங்க தெருவுல 40 வீடு, அதுல 14 வீட்ல எட்டு மணிக்கு மேல ஆள் இல்ல, வண்டிய எங்க தெருவுல இருந்து ஆரம்பிக்க முடியுமா?" என்று கேளுங்கள். வண்டியின் சுற்றைத் தலைகீழாகத் திருப்புவதற்கு ஒரு ரூபாய் செலவு கிடையாது. அது முடியாவிட்டால், ஆளில்லாத வீட்டின் கேட்டில் 4 அடி உயரத்தில் ஒரு கொக்கி, அதில் மூடி போட்ட 10 லிட்டர் வாளி. நான்கு அடி என்பதற்குக் காரணம் நாய். தரையில் வைத்தால் மூடி நிற்காது. மாடி வீட்டுக்காரர்களுக்குப் படிக்கட்டின் அடியில் பொதுவாக இரண்டு வாளி. கடைகளுக்கு மூடி உள்ள 60 லிட்டர் டிரம் ஒன்றைக் கடைக்கு உள்ளேயே வைத்து, காலையில் கடை திறந்ததும் கொடுக்க வேண்டும். ராத்திரி வாசலில் வைத்தால் விடிவதற்குள் மாடு கவிழ்த்துவிடும்.

இந்த ஏற்பாடு ஒரு வாரம் ஓடிய பிறகுதான் மேட்டில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை வீண். உங்கள் மூன்று முயற்சிகளும் இதனால்தான் தோற்றிருக்க வேண்டும்.

அள்ளும் நாளுக்குக் கணக்கு சொல்கிறேன். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 120 கன அடி, அதாவது ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) கொஞ்சம் மேல். டிராக்டர் டிப்பரில் ஒரு லோடு, கூடவே கொசுறு. ரப்பீஸ் கலந்திருந்தால் குட்டி யானை வேண்டாம், எடை தாங்காது, நாலைந்து நடை ஆகும். ரப்பீஸைத் தனியாக ஏற்றச் சொல்லுங்கள். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே 2016 முதல் தனி விதி இருக்கிறது, வீட்டுக் குப்பையோடு கலந்து அனுப்பக் கூடாது. மனை தனியாருடையது என்றால் உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை, முடிந்தால் எழுத்தில். வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை இரண்டு நாள் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு "நாளைக்கு எடுத்துக்குவாங்க" என்று போனால், அந்தச் சாக்குகளே அடுத்த மேட்டுக்கு அஸ்திவாரம். சென்னையாக இருந்தால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எட்டுப் பேர் போதும், அதற்கு மேல் வந்தால் ஒருவர் காலில் ஒருவர் மண்வெட்டி போடுவார்கள். மண்வெட்டி 3, இரும்பு வாரி 3, கடப்பாரை 1, பாண்டு சட்டி 6, தென்னந்துடைப்பம் 2. ரப்பர் பூசிய கையுறை, மூடிய ஷூ. காலை 6 மணிக்குத் தொடங்கி 10-க்குள் முடியுங்கள். வெளி ஓரத்திலிருந்து வாரியால் இழுத்துக்கொண்டே உள்ளே போங்கள். பழைய ரப்பீஸ் இடுக்கில் பாம்பும் தேளும் இருக்கும், கையை விடக் கூடாது. உடைந்த கண்ணாடியும் ஊசியும் கையுறையைக் கிழித்துவிடும், ஆகவே எதையும் கையால் அமுக்கிச் சாக்கில் திணிக்க வேண்டாம். மேலே உள்ளதை எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள். கீழே கறுப்பாக, கவர் துணுக்குகள் கலந்த மண் 2, 3 அங்குலத்துக்கு இருக்கும். நாற்றமும் ஈயும் அதில்தான். அதையும் சுரண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டிச் சாலையைவிட ஓர் அங்குலம் உயர்த்தி மட்டம் செய்யுங்கள். பள்ளம் விட்டால் மழைநீர் நிற்கும், நீர் நின்ற இடத்தில் முதல் கவர் விழும். ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் பிளீச்சிங் தூள் போடுவது பார்வைக்கு மட்டும்தான். நம் வெயிலில் ஈ முட்டையிட்டு அடுத்த தலைமுறை பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் குப்பை அப்புறப்பட்டால் ஈ தானாகவே குறையும்.

அன்றைக்கே மின்கம்ப எண்ணைக் குறித்து விளக்குக்குப் புகார் கொடுங்கள். இருட்டு இருக்கும்வரை இரவுக் கவர் வரும். பெங்களூரில் 2010-லிருந்து 'தி அக்லி இந்தியன்' என்று பெயர் சொல்லாமல் வேலை செய்யும் குழுவினர் இப்படிச் சுத்தம் செய்த இடங்களில் சுவருக்கு வண்ணம் அடித்துச் செடித்தொட்டி வைப்பார்கள். நல்ல வழிதான். சாமி படம் ஒட்டிய டைல்ஸ் மட்டும் வேண்டாம். குப்பை பத்தடி தள்ளிப் போகுமே தவிர நிற்காது, வீண் சண்டையும் வரும். பெரிய குப்பைத் தொட்டி வைக்கச் சொல்லியும் கேட்காதீர்கள். அந்தத் தொட்டிக்கு அடுத்த தெருக்காரர்களும் வருவார்கள், இரண்டே நாளில் நிரம்பி வழியும்.

இனி வருவதுதான் கஷ்டமான பகுதி, நான்கு வாரக் காவல். இரண்டு இரண்டு பேராக முறை வைத்து அந்த இரு வேளையும் அங்கே நிற்க வேண்டும். எப்படியும் ஒரு கவர் விழும். அதைக் காலை 8-க்குள் எடுத்துவிட்டால் அது ஒரு கவர். விட்டுவிட்டால் மாலைக்குள் ஆறு. கொண்டு வருபவரிடம் சத்தம் போடாதீர்கள். "அண்ணே, வண்டி ஏழு மணிக்கே வந்துருது. உங்களுக்கு முடியலைன்னா எங்க வாசல் வாளியில போட்டுட்டுப் போங்க, நாங்க குடுத்துடுறோம்." இவ்வளவுதான். படம் பிடித்து வாட்ஸப்பில் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கவரைக் கொண்டு வருவது பல நேரம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ, கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பையனோதான். போடச் சொன்ன முதலாளி படத்தில் இருக்க மாட்டார்.

"இதெல்லாம் வரி வாங்குகிற நகராட்சியின் வேலை, நாம் ஏன் காவல் நிற்க வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு: வேலை அவர்களுடையதுதான், மறுக்கவில்லை. எடுப்பது அவர்கள் கடமை. எடுத்த இடத்தில் போடாமல் இருக்க வைப்பது தெருக்காரர்களால் மட்டுமே முடியும். ஊழியர் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் நியாயம். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

ஈரக்கழிவு பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நாய் கவரைக் கிழிப்பது சோற்றுக்காக. கவரில் சோறு இல்லையென்றால் அது கிழியாது, நாறாது. 40 வீட்டுத் தெருவில் நாளுக்கு 25 கிலோ ஈரக்கழிவு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தால் 6 அடிக்கு 3 அடி, 3 அடி உயரத்தில் 4 உரத்தொட்டி, செங்கல்லுக்கு இடையில் காற்றுக்கு இடைவெளி விட்டு, மேலே தகரக் கூரை. அடியில் அரை அடிக்குத் தென்னை மட்டையும் சுள்ளியும். ஒரு வாளி கழிவுக்குக் குறைந்தது ஒரு வாளி நொறுக்கிய சருகு. நாலைந்து நாளுக்கு ஒருமுறை 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ பச்சைச் சாணம் கரைத்துத் தெளித்தால் போதும். ஒரு தொட்டி நிரம்பச் சுமார் 15 நாள். நான்காவது நிரம்பும்போது முதல் தொட்டிக்கு 45 நாள் ஆகியிருக்கும், சலிக்கலாம்.

கெடுவது எப்படி என்று தெரிந்தால் பயம் இருக்காது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், காற்று போகாமல் அழுகின முட்டை நாற்றம் வரும். சருகு சேர்த்துக் கிளறுங்கள். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம், அதற்கும் சருகுதான் மருந்து. ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், பிடிக்க முடியாத சூடு இருந்தால் தொட்டி நன்றாக வேலை செய்கிறது. சூடும் இல்லை, வாடையும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். கறி, மீன், எலும்பு பொதுத் தொட்டியில் வேண்டாம், எலி வரும். இளநீர்க் கூட்டை நான்காகப் பிளந்து வெயிலில் காய வைத்தால் தொட்டியின் அடி அடுக்குக்கு ஆகும். முழுசாகத் தெருவில் விட்டால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசுவுக்குத் தொட்டில்.

பல தெருக்களில் இந்தத் தொட்டி ஐப்பசியில் நின்றுபோகும். காரணம் சருகு தீர்ந்துபோவது. வேம்பும் புங்கமும் இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் அதைக் கூட்டிக் கொளுத்தாமல் சாக்கில் அடைத்து நனையாமல் அடுக்க வேண்டும். மழைக்காலத்துக்கு மட்டும் 40, 50 சாக்கு பிடிக்கும்.

"நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். பல ஊர்களில் அது உண்மை. வண்டியில் தடுப்பு இருக்காது. எடைக் கணக்கில் பணம் தரும் ஒப்பந்தம் என்றால் கலந்து ஈரமாக ஏற்றுவதில்தான் லாபம். அதற்காகத் தள்ளுவண்டி அக்காவைக் கோபிக்காதீர்கள், ஒப்பந்தம் போட்டது அவர் இல்லை. அவர் கை படும் பொருளில் கவனமாக இருங்கள். நாப்கினைத் தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வையுங்கள், உடைந்த கண்ணாடியை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டிக் கொடுங்கள்.

கேள்விக்கு வெளியே ஒரு ஆதங்கம். நீங்கள் அள்ளும் மேட்டைக் கவனித்துப் பாருங்கள், அட்டைப்பெட்டி இருக்காது, தண்ணீர் பாட்டில் இருக்காது, இரும்பு இருக்காது. விலை உள்ளது எதுவும் தெருவில் தங்குவதில்லை. 2022-ல் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டுக்குள் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டிலுக்கு ஒரு விலை வந்தது. கடலூரில் பிறந்த ஷாம்பு சாஷேவுக்கும், சிப்ஸ் கவருக்கும், பான் மசாலா பாக்கெட்டுக்கும் அப்படி ஒரு விலை ஏன் இல்லை? பல அடுக்குப் பொருளாகையால் பழைய பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள், மிஞ்சினால் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை அடுப்புக்குப் போகும். 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், பிளாஸ்டிக் கப்பை எல்லாம் தமிழ்நாட்டில் தடை செய்தபோது கம்பெனிகள் நிரப்பி விற்கும் இந்தக் கவர்களை விட்டுவிட்டார்கள். அப்போது பெட்டிக்கடை அண்ணாச்சிக்கு அபராதம், கவர் அச்சடிக்கும் கம்பெனிக்கு விலக்கு என்று இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறாது.

திரும்ப உங்கள் தெருவுக்கு. எப்போது தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், கிராவல் நிற்காது, வண்டி சேற்றில் மாட்டும். பொங்கலுக்கு முந்தைய வாரமும் வேண்டாம், போகிக்குப் பழைய பாயும் மெத்தையும் அங்கேதான் வந்து சேரும். தை இரண்டாம் வாரத்தில் குறிப்பெடுக்கத் தொடங்கினால், மாசியில் மேட்டை எடுத்துவிடலாம். பங்குனிச் சருகு கொட்டும்போது தொட்டியும் தயாராக இருக்கும்.