ஒல்லியாக இருந்தும் கொலஸ்ட்ரால் ஏன்? அப்பாவிடமிருந்து வந்திருக்குமா?

எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போவதில்லை, ஆனாலும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 210; அப்பாவுக்கு 42 வயதிலேயே மாரடைப்பு. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அவற்றுக்கான மரபணுவில் பழுது இருந்தால் எல்டிஎல் ரத்தத்திலேயே தேங்கும், அதுவும் பிறந்ததிலிருந்தே. இதுதான் பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் நோய். இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குத் தெரிவதே இல்லை.

பெரியவர்களுக்கு எல்டிஎல் 190ஐத் தாண்டினாலே டாக்டர்கள் இந்த நோயைச் சந்தேகிப்பார்கள். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைத் தடவிப் பாருங்கள். தடித்தோ முடிச்சு முடிச்சாகவோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. தைராய்டு குறைபாடும் எல்டிஎல்லை ஏற்றும், அதையும் பார்த்துவிடுவார்கள்.

பூண்டு, வெந்தயம் என்று மட்டும் நாளைக் கடத்தாதீர்கள். இந்த நோய்தான் என்றால் பெரும்பாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படும். அப்புறம், உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் லிப்பிட் டெஸ்ட் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.