வெற்றிலை போடாதவருக்கும் தொண்டைப் புற்றா?

கேள்வி: அண்ணாவுக்கு 52 வயது. வெற்றிலை, சுருட்டு, குடி ஒன்றும் இல்லை. கழுத்துக் கட்டியைக் காட்டப் போனவருக்கு ரொன்சிலில் புற்றுநோய், வைரஸால் வந்தது என்கிறார்கள். அப்படியும் வருமா? ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்த எங்களுக்கும் தொற்றுமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வரும். கன்னத்திலும் நாக்கோரத்திலும் வருகிற புற்றுக்கு எங்கள் பக்கத்தில் பாக்கும் புகையிலையும்தான் முதற் காரணம். (புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் சப்பினால் பிழையில்லை என்பார்கள். பாக்குத் தனியாகவே புற்றை உண்டாக்கும்.) ரொன்சிலிலும் அடிநாக்கிலும் வருவதில் எச்.பி.வி. என்கிற மனிதப் பப்பிலோமா வைரஸின் 16ஆம் வகைக்குப் பங்குண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றை அதிகம் உண்டாக்குவதும் இதே வகைதான்.

ரொன்சில் பொந்து பொந்தானது. பொந்துகளின் உட்தோல் மெல்லியது என்பதால் வைரஸ் அடிக்கலங்கள் வரை இலகுவாகப் போய்விடும். பெரும்பாலானவர்களில் ஓரிரு வருடத்தில் உடம்பே அதை அழித்துவிடுகிறது. தங்கிவிடுகிற சிலரில், கலம் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் புரதங்களை அது முடக்கும். புற்றாக மாறப் பல பத்தாண்டுகள் செல்லும். இது முக்கியமாக வாய்வழி உடலுறவால் தொற்றுவது, கோப்பையால் அல்ல. எப்போதோ இளவயதில் தொற்றியதாக இருக்கலாம், ஆகவே இதை வைத்துக் குடும்பத்தில் யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

பொந்துக்குள் ஒளிந்திருக்கும் புற்று நோகாது. முதலில் தெரிவது தாடை மூலைக்குக் கீழே நோவில்லாத கட்டிதான். தடிமன் காய்ச்சலோடு வரும் நெறிக்கட்டி தொட்டால் நோகும், இரண்டு கிழமையில் வற்றும். மூன்று கிழமை தாண்டியும் நிற்கிற கட்டிக்குத் திரும்பத் திரும்ப அன்ரிபயோட்டிக் குடித்து நாளைக் கடத்தக்கூடாது. காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள். இன்னொன்று: இந்தக் கட்டிக்குள் நீர் கட்டியிருப்பதுண்டு. ஊசியால் நீரை இழுத்ததும் அது வற்றும், 'வெறும் நீர்க்கட்டி' என்று விட்டுவிடுவார்கள். நாற்பது தாண்டியவரில் அப்படி விடவே கூடாது. ரொன்சிலையும் அடிநாக்கையும் பார்த்து, தேவையானால் சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தத் துண்டில் பி16 சோதனை செய்தால் வைரஸ் வகையா என்பது தெரியும். வைரஸ் வகை, புகையிலையால் வருவதைவிடச் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும்.

கேள்வி: தரம் 6 படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எச்.பி.வி. ஊசி போடப்போகிறார்கள். சம்மதிக்கலாமா?
– தாய், மல்லாவி

பதில்: தாராளமாக. 2017 முதல் இலங்கையில் போடப்படுகிறது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 16ஆம் வகையையும் தடுக்கும். தொற்று வந்த பிறகு போட்டால் அந்தத் தொற்றை நீக்காது, அதனால்தான் இந்த வயதில் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட திகதியை அட்டையில் எழுதிவையுங்கள், இரண்டாவது தவறுவது பெரும்பாலும் பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைகளுக்குத்தான்.