ஓடிப் பழக்கமே இல்லாதவர் நன்கொடை ஓட்டத்தில் 5 கி.மீ. முடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரை மணி நேரம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். மூச்சிரைத்தால் நடங்கள், மானம் ஒன்றும் போகாது.

முதல் தடவைக்கு டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் மாதிரி போட்டியில்லாத ஒன்றாகப் பாருங்கள். புற்றுநோயில் வலது காலை இழந்த அந்தக் கனடா இளைஞர் 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். அவர் பெயரிலான ஓட்டத்தில் முதலிடம், கடைசியிடம் எதுவும் கிடையாது, நடந்தே முடிக்கலாம்.

நான் சொதப்பியது ஷூவில். அன்றைக்கென்று புதுசு போட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் குதிகால் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. பழைய ஷூவிலேயே போங்கள்.