"தபெதே மிரு": ஜப்பான்ல மொழி படிக்கப் போறவங்களுக்கு – வாசகர் கேள்வி பதில்

ஒசாகால ரெண்டு வருஷம் தங்கி ஜப்பானிய மொழி படிச்ச கதைய போன இதழ்ல எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதி மொழியப் பத்தி, மீதி சாப்பாட்டப் பத்தி. எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் வந்துச்சு, அதனால சேத்தே பதில் சொல்றேன்.

அக்கா, இன்ஜினியரிங் முடிச்சிட்டேன், ஜப்பானிய மொழித் தேர்வுல முதல் படியான என்5 பாஸ். டோக்கியோ போகவா ஒசாகா போகவா? ஒசாகால படிச்சா பேச்சு கொச்சையாயிடும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களே?

தம்பி, நான் ஒசாகா கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன். எந்த ஊர்ல சேந்தாலும் கிளாஸ்ல சொல்லித் தர்றது பொது வழக்குதான், பரீட்சைக்கும் அதான் வரும். வெளிய வந்தா கடைக்காரர் நன்றி சொல்ல 'அரிகாதோ'ங்காம 'ஓகினி'ம்பாரு, விலை கேக்க 'இகுரா'ங்காம 'நம்போ'ம்பாங்க, நிஜமாவாங்கறதுக்கு 'ஹொன்மா?'. எழுதறது ஒரு தமிழ் பேசறது ஒரு தமிழ்னு வளந்த நமக்கு இதெல்லாம் ஒரு மாசத்துல பழகிடும். அங்க வயசானவங்க கஞ்சியவே 'ஒகாய்-சான்'னு சொல்லுவாங்க, பயறுக்கு 'ஒமாமே-சான்', அதாவது மனுஷங்களுக்குப் போடற 'சான்' மரியாதைய சாப்பாட்டுக்கும் போட்டுப் பேசறது. அத முதல் தடவ கேட்டப்பவே இந்த ஊர விட்டுப் போகக்கூடாதுன்னு தோணிடுச்சு எனக்கு.

டோக்கியோல ஸ்கூல் அதிகம், ஐடி வேலை தேடற எண்ணம் இருந்தா அங்க இருக்கறது வசதிதான், வாடகை மட்டும் கூட. எடோகாவா வட்டாரத்துல நிஷி-கசாய் பக்கம் நம்மவங்க நெறைய, பருப்பு மசாலா எல்லாம் கிடைக்கும், ஆனா படிக்கப் போறவன் முதல் வருஷமே அங்க வீடு எடுத்தா ஜப்பானிய மொழி பேச ஆளே தேட வேண்டி வரும்ப்பா. ஃபுகுவோகாவையும் யோசி. செலவு குறைவு, சாயங்காலமானா 'யதாய்'னு தள்ளுவண்டிக் கடைகள் போட்டுருவாங்க, எட்டுப் பத்துப் பேர் தோளோட தோள் இடிச்சு உக்காரணும், பக்கத்துல இருக்கறவர்கிட்ட பேசாம எழுந்திரிக்கவே முடியாது.

அக்கா, நான் சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. ஜப்பான்ல பட்டினிதான்னு வீட்டுல பயமுறுத்தறாங்க. ரெண்டு வருஷம் தாங்குவேனா?

தாங்குவ ம்மா. ஆனா ஒரு விஷயம் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுப் போ, தாஷி. கத்ஸுவோபுஷிங்கற காஞ்ச மீன் சீவலையும் கொம்புங்கற கடல்பாசியையும் வெந்நில போட்டு எடுக்கற சாறு, அதுதான் அவங்க சமையலுக்கு அடித்தளம். மிசோங்கற சோயா விழுதுல செய்யற சூப், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கற சாறு, காய் வேகவைக்கறது எல்லாத்துலயும் அது இருக்கும். இகேதா கிகுனாயேங்கற விஞ்ஞானி 1908ல கொம்பு சாறை ஆராய்ஞ்சுதான் அந்த ருசிக்கு 'உமாமி'ன்னு பேரே வச்சாரு. அவங்களுக்கு தாஷிங்கறது மீன் சாப்பிடற கணக்குலயே வராது, உப்பு மாதிரி. அதனால 'நிகு வா தபெமசென்', அதாவது கறி சாப்பிட மாட்டேன்னு மட்டும் சொன்னா மீன் வரும், சில சமயம் ஹாம் கூட வரும், ஏமாத்தறாங்கன்னு நினைக்காத, 'நிகு'ன்னா அவங்க மனசுல வர்றது வேற.

நான் போன புதுசுல டோஃபு தானேன்னு தைரியமா ஒரு கடைல ஆர்டர் பண்ணிட்டேன், சூடா வந்த டோஃபு மேல மெல்லிசா ஏதோ ஆடிட்டிருந்துச்சு, ஆவில நெளியற மீன் சீவல். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பசி வேற. அன்னிக்கு ராத்திரி உக்காந்து மனப்பாடம் பண்ண வாக்கியம் இது: 'சகானா நோ தாஷி வா ஹைத்தே இமஸ் கா?' மீன் தாஷி உள்ள இருக்கான்னு அர்த்தம். இத நோட்டுல எழுதி வச்சுக்கோ. கூடவே 'கத்ஸுவோபுஷி நஷி தே', மீன் சீவல் போடாமன்னு. பரீட்சைக்குப் படிச்ச எதுவும் இந்த ரெண்டு வாக்கியம் அளவுக்கு எனக்கு உதவல.

சூப்பர்மார்க்கெட்ல பாக்கெட்டத் திருப்பி வெளிநாட்டுச் சொல்லுக்குன்னு இருக்கற கதகனா எழுத்துல 'எகிசு'ன்னு இருக்கான்னு பாரு, 'எக்ஸ்ட்ராக்ட்' தான் அது, முன்னாடி பன்றிக்கு 'போக்கு'ன்னோ கோழிக்கு 'சிகின்'னோ இருந்தா வச்சிட்டு வந்துடு. கறி ரைஸ்னு அவங்க சொல்ற குழம்பு சாதத்துக்கு விக்கற மசாலாக் கட்டில பெரும்பாலும் மிருகக் கொழுப்பு இருக்கும், அதையும் படிக்காம வாங்காத. நாத்தோங்கற புளிச்ச சோயா பாக்கெட்ல கூட வர்ற குட்டி சாஸ்ல தாஷி இருக்கும், அத தூக்கிப் போட்டுட்டு வெறும் ஷோயு, அதான் சோயா சாஸ், ஊத்திக்கோ. வீட்டுல சமைக்க கொம்பும் காஞ்ச ஷீதாகே காளானும் ராத்திரியே தண்ணில ஊறப் போட்டா மீன் இல்லாத அருமையான தாஷி ரெடி, அதுல மிசோ கரைச்சு ஒரு கரண்டி சாதத்தோட சாப்பிட்டுப் பாரு, குளிர்காலத்துல உயிர் வரும். குளிர்காலத்துல சுட்ட சக்கரவள்ளிக்கிழங்கு வேற கிடைக்கும், 'யாகி-இமோ'ன்னு, அதுக்காகவே நான் நவம்பர எதிர்பாத்துட்டு இருப்பேன்.

ஒரு தடவையாவது கோயாசான் போய்ட்டு வந்துடு. வகயாமால மலை மேல இருக்கற பௌத்த மடங்கள், 816ல கூகாய்ங்கற துறவிக்குக் கிடைச்ச இடம், ஒசாகா நம்பால ரயில் ஏறி கடைசில கேபிள் கார்ல போகணும். மடத்துலயே தங்கலாம். அங்க போடறது ஷோஜின் ரியோரி, கறி மீன் கிடையாது, வெங்காயம் பூண்டு கூட சேக்க மாட்டாங்க, தாஷியே கொம்புலயும் காளான்லயும்தான். எள்ளு அரைச்சு செய்யற கோமா-தோஃபு, உறையவச்சு காயவச்ச கோயா-தோஃபு எல்லாம் குட்டிக் குட்டி கிண்ணத்துல வரும். ஒண்ணு கூட கேக்காம, திருப்பிப் பாக்காம, பயமில்லாம முழுத் தட்டையும் சாப்பிட்டேன் அன்னிக்கு. விடியக்காலைல பூஜைக்கும் கூப்பிடுவாங்க, போய் உக்காரு.

என் பொண்ணு போகணும்ங்கறா. பார்ட் டைம் வேலை பாத்தே ஃபீஸ் கட்டிடலாம்னு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?

நம்பாதீங்கம்மா. ஸ்டூடன்ட் விசால தனியா அனுமதி வாங்கிட்டு வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், ரெண்டு இடத்துல பாத்தாலும் கூட்டி 28தான், ஸ்கூல் நீண்ட லீவ்ல மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் வரைக்கும். 2024 அக்டோபர்ல ஒசாகால குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1114 யென்னு ஆச்சு, முழுசா பாத்தாலும் மாசம் ஒண்ணேகால் லட்சம் யென் பக்கம் வரும், அது வாடகை சாப்பாடு போக்குவரத்துக்கே சரியாப் போயிடும். ஸ்கூல் ஃபீஸ் வருஷத்துக்கு ஏழெட்டு லட்சம் யென் அளவுல இருக்கும். முதல் வருஷ ஃபீஸும் ஆறு மாச செலவும் கைல இல்லாம அனுப்பாதீங்க. மணி நேரத்தத் தாண்டி வேலை பாத்தாலோ கிளாஸ் அட்டென்டன்ஸ் குறைஞ்சாலோ விசா நீட்டிக்கறப்ப பிரச்சனை ஆகும், அப்படித் திரும்பி வந்த பசங்கள நான் கண்ணால பாத்திருக்கேன், ரொம்ப வேதனையா இருக்கும்.

ஆனா வேலையே வேண்டாம்னு சொல்லல. ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைல வாரத்துக்கு மூணு நாள் தட்டு எடுத்தாக்கூட மரியாதைப் பேச்சு தானா வரும், புஸ்தகத்துல அது கடைசிப் பாடம். அப்புறம் போய் இறங்கி வீடு அமைஞ்சதும் 14 நாளுக்குள்ள முனிசிபல் ஆபீஸ்ல முகவரி பதியணும், அதோட தேசிய மருத்துவக் காப்பீட்டுலயும் சேத்துடச் சொல்லுங்க, டாக்டர் செலவுல 30 சதவீதம்தான் நாம கட்டணும்.

ஜப்பானிய மொழி தமிழ்ல இருந்து வந்ததுன்னு வாட்ஸாப்ல சுத்துதே, உண்மையா அக்கா?

ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பானிய மொழி அறிஞர் ரெண்டுக்கும் உறவு இருக்குன்னு பல வருஷம் எழுதினாரு. பெரும்பாலான மொழியியல்காரங்க அத ஏத்துக்கல. உறவு கிடக்கட்டும், நமக்கு வேண்டியது வாக்கிய அமைப்பு. 'நான் புத்தகம் படிக்கறேன்'ங்கற அதே வரிசைல 'வதாஷி வா ஹொன் ஓ யோமிமஸ்'. நம்ம 'ஐ' மாதிரி 'ஓ' பின்னாடி ஒட்டும், கேள்விக்கு நம்ம 'ஆ' மாதிரி கடைசில 'கா'. 'தபெதே'ன்னா சாப்பிட்டு, 'மிரு'ன்னா பாக்கறது, ரெண்டும் சேந்தா சாப்பிட்டுப் பாக்கறது, அப்படியே நம்ம மாதிரி! 'கத்தே ஒகு' வாங்கி வைக்கறது. மேல சொன்ன 'ஹைத்தே இமஸ்' கூட 'நுழைஞ்சு இருக்கு'தான். கூடப் படிச்ச ஐரோப்பியப் பசங்க இதுக்கு மாசக்கணக்கா மல்லாடினாங்க, எனக்கு ஒரே நாள்ல புரிஞ்சிடுச்சு. 'கோரே' இது, 'ஆரே' அது, நடுவுல 'சோரே' ஒண்ணு இருக்கு, கேக்கறவங்க பக்கத்துல இருக்கறது, அது யாழ்ப்பாணத்துல இன்னும் சொல்ற 'உது'. அவங்க எழுத்து வரிசையும் அ இ உ எ ஒ, அப்புறம் க ச த ந ஹ ம ய ர வ. பௌத்தத் துறவிங்க சமஸ்கிருத எழுத்து இலக்கணத்தப் படிச்சதால வந்த வரிசை அது.

கஷ்டம் 'காஞ்சி'ங்கற சீன எழுத்துல இருக்கு. அன்றாடத்துக்குன்னு அரசாங்கம் வச்சிருக்கற பட்டியலே 2136 எழுத்து. சீனப் பசங்க அதுல பறப்பாங்க, மனசு விட்டுடாத. நான் மெனு கார்டு, டிஸ்கவுன்ட் ஸ்டிக்கர்னு சாப்பிடற பொருள்ல இருந்தே ஆரம்பிச்சேன். ராத்திரி ஆனா சூப்பர்மார்க்கெட்ல 'ஹங்காகு'ன்னு பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, அந்த ரெண்டு காஞ்சி மறக்கவே மறக்காது.

சாப்பிடற இடத்துல எதெல்லாம் செய்யக்கூடாது?

சாதத்துல குச்சிய நட்டு வைக்காதீங்க, குச்சில இருந்து குச்சிக்கு உணவ மாத்தாதீங்க, ரெண்டும் சாவு வீட்டோட சம்பந்தப்பட்டது. முன்னாடி 'இததகிமஸ்', முடிச்சதும் 'கொச்சிசோசமா'. நூடுல்ஸ உறிஞ்சி சாப்பிடலாம், தப்பே இல்ல. டிப்ஸ் வேண்டாம்.

கிளாஸ்ல எல்லாம் புரியுது, வெளிய வாய் திறக்க வரமாட்டேங்குது. ஆறு மாசமாச்சு அக்கா, அழுகையா வருது.

கண்ணு, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, எட்டு மாசம். கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல ஒரு வார்த்த பேசாம எல்லாம் வாங்கிடலாம், அங்க போறத முதல்ல குறை. பக்கத்துல ஷோதெங்காய்ன்னு கூரை போட்ட கடைத்தெரு இருக்கும், ஒசாகா தெஞ்சின்பாஷிசுஜி மாதிரி ரெண்டரை கிலோமீட்டர் நீளமெல்லாம் வேண்டாம், சின்னதே போதும். அதுல ஒரு காய்க்கடை, ஒரு டோஃபு கடை, ரெண்டே ரெண்டு, வாரத்துல அதே நாள் அதே நேரம் போ. நான் போன டோஃபு கடைல ஒரு பாட்டி. 'டோஃபு ஹிதோத்சு'ன்னு கேட்டேன், 'இச்சோ'ன்னு திருத்தினாங்க, டோஃபுவ எண்ண அதுக்குன்னு தனி எண்ணிக்கைச் சொல் இருக்கு. அடுத்த வாரம் 'நிச்சோ'ன்னு ரெண்டு கேட்டேன், தேவையே இல்ல, சொல்றதுக்காகவே. காய்க்கடைக்காரர் முட்டைகோஸுக்கு 'ஹிதோ-தாமா' சொல்லிக் குடுத்தாரு, வெங்காயத்தாளுக்கு 'இப்போன்'. தப்பா சொன்னா சிரிப்பாங்க, ஆனா மறக்காம திருத்துவாங்க, அடுத்த தடவ போனா கேட்டும் பாப்பாங்க. இந்த சனிக்கிழமையே போ, 'கோரே வா தோ யத்தே தபெமஸ் கா', இத எப்படி சாப்பிடறதுன்னு ஒரு காயக் காட்டிக் கேளு. பதில் நீளமா வரும், பாதி புரியாது, பரவால்ல, அந்தக் காய வாங்கிட்டு வந்து சமைச்சு, எப்படி இருந்துச்சுன்னு அடுத்த சனிக்கிழமை அவங்ககிட்டயே போய் சொல்லு.