மூன்று நீலமும் ஒன்றாகிவிட்டதா? கஷூபியப் பூவேலை பிஸ்கட்டுக்கு என் வழி

போலந்தின் கதான்ஸ்க் நகரத் தோழிக்காக, அந்நாட்டின் வடக்கே வாழும் கஷூபிய மக்களின் பூ எம்பிராய்டரி மாதிரி ஐசிங்கில் வரைந்த பிஸ்கட்டில் சிவப்பு வெள்ளைக்குள் ஊறிவிட்டது, நீலங்கள் மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் முதல் தட்டு முழுக்க அப்படித்தான் போனது.

ஊறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். வெள்ளை ஐசிங் அடித்தளத்தை ஒரு ராத்திரி முழுக்க மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள், விரலால் தட்டினால் ஓடு மாதிரி கேட்க வேண்டும். தண்ணீர் கலருக்குப் பதில் ஜெல் கலர், அதுவும் கொஞ்சமாக. கறுப்புக்கு வெள்ளை ஐசிங்கில் கலரைக் கொட்டாதீர்கள், முதலில் கோகோ பவுடர் போட்டுப் பழுப்பாக்கிவிட்டு அப்புறம் கறுப்பு சேர்த்தால் பாதி கலரே போதும்.

நீலம் காயக் காய அடர்த்தியாகும், அதனால் வெளிர் நீலத்தை நீங்கள் நினைப்பதைவிட இரண்டு படி வெளுப்பாகக் கலந்து, முந்தின நாளே ஒரு பிஸ்கட்டில் தீற்றிப் பாருங்கள். இந்தப் பூவேலையின் பரவலாகத் தெரிந்த ஏழு வண்ண முறையில் மூன்று நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு. நீலம்தான் ஆளும் நிறம், சிவப்பு அங்கங்கே தொட்டால் போதும்.

துலிப் இதழுக்கு ஓரத்தில் கெட்டியாக ஒரு கோடு பிழிந்து, அது காயும் முன் ஈரத் தூரிகையால் உள்பக்கமாக இழுங்கள், தையல் இழை மாதிரியே வரும். இந்தப் பூவேலையில் வரும் மாதுளை உருவத்தின் வயிற்றில் குறுக்குக் கோட்டு வலையைக் கடைசியாகப் போடுங்கள். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட்டில் திணிக்காதீர்கள், ஒரு பூ, வளைந்த ஒரு தண்டு, இரண்டு இலை, அவ்வளவுதான்.